தானியேல் எண்ணிய எழுபதும் மில்லர் எண்ணிய இரண்டாயிரத்து முந்நூறும்





தியானப் பகுதி: தானியேல் 9:1-19; எரேமியா 29:1-14

சென்ற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்தபின், நம் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரர் எல்லாரும் போகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தார். தம் கைப்பேசியில் வந்த ஒரு காணொளியைக் காட்டினார். தானியேலின் எண்களையும் வெளிப்படுத்தின விசேஷத்தின் எண்களையும் கூட்டிக் கழித்து, ஆண்டவருடைய வருகைக்கு ஒருவர் அதில் ஆண்டு குறித்திருந்தார். அந்தச் சகோதரருடைய மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. முதலாம் ஆண்டுக் கட்டணம் செலுத்தக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. “ஐயா, வருகை இவ்வளவு சமீபம் என்றால், நான்கு வருஷப் படிப்புக்காக நான் கடன் வாங்குவது அவிசுவாசம் ஆகுமோ?” என்று கேட்டார்.

அவர் கேலியாகக் கேட்கவில்லை. ஆண்டவர்மேல் உள்ள அன்பினாலும் பயத்தினாலும் கேட்டார். ஆகவே அவருக்கு அன்று சுருக்கமாகச் சொன்னதை, சபையார் அனைவருக்கும் பயன்படும்படி சற்று விரிவாக இந்த வாரம் எழுதுகிறேன். இதற்குச் சபை வரலாற்றிலிருந்து ஒரு மனிதருடைய கதையை முதலில் சொல்லவேண்டும்.

ஒரு விவசாயியின் கணக்கு

வில்லியம் மில்லர் 1782-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்தின் லோ ஹாம்ப்டன் என்ற கிராமத்தில் வளர்ந்து, அங்கேயே பயிர்த்தொழில் செய்தார். இளமையில் அவர் விசுவாசி அல்லர். தேவன் உலகத்தைப் படைத்துவிட்டு விலகிப்போய்விட்டார், மனிதருடைய காரியங்களில் அவர் தலையிடுவதில்லை என்ற கொள்கையை உடையவராயிருந்தார். 1814-இல் பிளாட்ஸ்பர்க் போர்க்களத்தில் படைத்தலைவராக நின்றபோது, எண்ணிக்கையில் மிகுந்த எதிரிப்படை பின்வாங்கியதைக் கண்டார். விலகியிருக்கும் தேவன் என்ற எண்ணம் அன்று ஆட்டம் கண்டது. 1816-இல், போதகர் இல்லாத ஒரு நாளில் பிரசங்கத்தை வாசிக்கும்படி கேட்கப்பட்ட அவர், வாசிப்பைத் தொடர இயலாமல் நெகிழ்ந்து உட்கார்ந்துவிட்டார். அந்நாட்களிலேயே இயேசுவைத் தம் இரட்சகராக ஏற்றுக்கொண்டார்.

பழைய நண்பர்கள் அவரைக் கேள்விகளால் மடக்கினார்கள். வேதத்தை வேதமே விளக்கும் என்று நம்பிய மில்லர், மற்ற விளக்க நூல்களை ஒதுக்கிவைத்தார். வேதாகமத்தையும், குரூடன் என்பவர் தொகுத்த ஒத்தவாக்கிய அகராதியையும் மாத்திரம் வைத்துக்கொண்டு, ஆதியாகமம் தொடங்கி வசனம் வசனமாக இரண்டு ஆண்டுகள் படித்தார். பிரியமானவர்களே, இந்த மனிதரைக் குறைவாக எண்ணாதிருங்கள். நம்மில் எத்தனை பேர் அவ்வளவு பொறுமையாக வேதத்தை வாசித்திருக்கிறோம்?

அவருடைய கவனம் தானியேல் 8:14-இல் நின்றது. இரண்டாயிரத்து முந்நூறு இராப்பகல் சென்றபின் பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் என்று அங்கே ஒரு பரிசுத்தவான் சொல்லுகிறார். தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் என்பது ஓர் ஆண்டு என்று மில்லர் கொண்டார். எண்ணாகமம் 14:34-உம் எசேக்கியேல் 4:6-உம் இதற்கு அவருக்கு ஆதாரங்கள். அடுத்த அதிகாரத்தில் வரும் எழுபது வாரங்களும் இந்த 2300-உம் ஒரே இடத்தில் தொடங்குகின்றன என்று கருதினார். எஸ்றா 7-ஆம் அதிகாரத்தில் அர்தசஷ்டா ராஜா கட்டளையிட்ட கி.மு. 457-ஐத் தொடக்கமாக வைத்தார். எழுபது வாரங்கள் 490 ஆண்டுகளாகி, ஆண்டவருடைய சிலுவை மரணத்தில் கி.பி. 33-இல் முடிகின்றன என்றார். 2300-இல் 490 போனால் மீதி 1810. முப்பத்துமூன்றோடு அதைக் கூட்டினால் 1843. சுத்திகரிக்கப்படும் பரிசுத்த ஸ்தலம் இந்தப் பூமியே. அது கிறிஸ்துவின் வருகையின்போது அக்கினியினால் சுத்திகரிக்கப்படும் என்பது அவருடைய விளக்கம்.

1818-இல் இந்த முடிவுக்கு வந்த அவர், உடனே மேடையேறவில்லை. தாம் தவறியிருக்கக்கூடும் என்று அஞ்சி, பல ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். 1831-இல்தான் முதன்முதலாகப் பிரசங்கித்தார். 1833 நவம்பரில் வானத்திலிருந்து எரிகற்கள் மழைபோல் பொழிந்த இரவு வந்தது. மத்தேயு 24:29-இல் நட்சத்திரங்கள் விழும் என்று ஆண்டவர் சொன்னதை ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். 1837-இல் பெரும் பணநெருக்கடி வந்தது. பின்பு பாஸ்டன் நகரப் போதகர் ஜோஷுவா ஹைம்ஸ் அவரோடு இணைந்து, 1840-இல் ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். 1842-இல் தானியேலின் சிலையும் மிருகங்களும் ஆண்டுகளும் வரையப்பட்ட பெரிய விளக்கப்படம் அச்சாகி, கூடாரக் கூட்டங்களில் தொங்கவிடப்பட்டது. 1843-இன் தொடக்கத்தில் பகலிலும் தெரிந்த ஒரு வால்நட்சத்திரம் தோன்றியது. இந்தச் செய்தியை ஏற்றவர்கள் குறைந்தது ஐம்பதாயிரம் பேர் இருக்கும் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு.

1844 அக்டோபர் 22

மில்லர் நாளைக் குறிக்க விரும்பாதவர். 1843 அளவில் என்றே சொல்லிவந்தார். வற்புறுத்திக் கேட்டபோது, யூத ஆண்டுக் கணக்கின்படி 1843 மார்ச் 21-க்கும் 1844 மார்ச் 21-க்கும் இடையில் என்றார். அந்த எல்லையும் கடந்தது. மணவாளன் தாமதித்தார் என்ற மத்தேயு 25-ஆம் அதிகார உவமையில் அவர்கள் ஆறுதல் தேடினார்கள்.

அத்துடன் நின்றிருந்தால் காயம் சிறிதாயிருந்திருக்கும். ஆனால் 1844 ஆகஸ்டில் நியூ ஹாம்ப்ஷயரின் எக்ஸிடர் என்ற ஊரில் நடந்த கூடாரக் கூட்டத்தில், சாமுவேல் ஸ்நோ என்பவர் கணக்கைத் திருத்தினார். கி.மு. 1-க்கு அடுத்து கி.பி. 1 வருகிறது, நடுவில் பூஜ்யம் என்ற ஆண்டு கிடையாது. ஆகவே 1843 அல்ல, 1844 என்றார். பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் நாள் லேவியராகமத்தின்படி ஏழாம் மாதம் பத்தாம் தேதியாகிய பாவநிவிர்த்தி செய்யும் நாள். யூதருள் காராயீத்துப் பிரிவினரின் பழைய நாட்கணக்கின்படி அந்த ஆண்டு அது அக்டோபர் 22 என்று குறித்தார். கூட்டம் பற்றிக்கொண்டது. தயங்கிய மில்லரும் அக்டோபர் தொடக்கத்தில் அதை ஏற்றுக்கொண்டார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த நாளையும் அந்த நாழிகையையும் ஒருவனும் அறியான் என்று ஆண்டவர் மத்தேயு 24:36-இல் சொல்லியிருக்கிறாரே என்று முன்பு கேட்டவர்களுக்கு, “நாளும் நாழிகையும் தெரியாது, ஆண்டு தெரியும்” என்பதே அவர்கள் கொடுத்த விடை. அந்த விடையோடு தொடங்கிய பயணம், கடைசியில் ஒரு நாளில் வந்து நின்றது. ஆண்டவர் பூட்டிய கதவை ஒரு விரற்கடை திறந்தால் போதும் என்று தொடங்குகிறவர்கள், முழுவதும் திறக்காமல் நிற்பது அரிது.

அக்டோபர் வந்தபோது சிலர் வயல்களை அறுவடை செய்யாமல் விட்டார்கள். கடைகள் மூடப்பட்டன. கடன்களைத் தீர்த்தார்கள், பகைத்திருந்தவர்கள் ஒப்புரவானார்கள். அவர்கள் வெள்ளையங்கி தரித்துக் கூரைகளின்மேல் ஏறினார்கள் என்று பின்னாளில் பரவிய கேலிக் கதைகளுக்குப் போதிய ஆதாரமில்லை. பெரும்பாலோர் வீடுகளிலும் கூடுகைகளிலும் ஜெபத்தோடு காத்திருந்தார்கள். நடுராத்திரி கடந்தது. பொழுது விடியும்வரை அழுதார்கள் என்று அவர்களில் இருந்த ஒருவர் பின்பு எழுதிவைத்தார். வரலாற்றில் அந்த நாளுக்குப் “பெரும் ஏமாற்றம்” என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மறுநாள் அவர்கள் அதே தெருக்களில் நடக்கவேண்டியிருந்தது. அயலார் நகைத்தார்கள். சிலர் விசுவாசத்தையே விட்டார்கள். வேறு சிலர் நாள் சரி, நடந்த சம்பவத்தையே தவறாக எதிர்பார்த்தோம் என்று விளங்கிக்கொண்டார்கள்; அவர்களிடமிருந்து 1863-இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபை அமைப்பாக உருவாயிற்று. மில்லரோ தாம் தவறியதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆண்டவர் வருவார் என்ற நம்பிக்கையை மாத்திரம் விடவில்லை. அவரை அவருடைய சொந்தச் சபையே நீக்கியது. கண்பார்வை மங்கிய வயதில், 1848-இல், தம் நிலத்தருகே ஒரு சிற்றாலயத்தை எழுப்பினார். குறித்த காலத்திலே முடிவு உண்டு என்ற கருத்துடைய தானியேல் 8:19-இன் வாசகம் அதன் பிரசங்க பீடத்தின் பின்சுவரில் எழுதப்பட்டிருக்கிறது. 1849 டிசம்பரில் அவர் நித்திரையடைந்தார்.

கணக்கு எங்கே தவறியது?

அவருக்குக் கூட்டல் கழித்தல் தெரியவில்லை என்று சொல்ல இயலாது. ஒரு நாளுக்கு ஓர் ஆண்டு என்ற முறையும் அவர் புதிதாகக் கண்டுபிடித்தது அன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இத்தாலியின் துறவி யோவாக்கீமின் எழுத்துகளைப் படித்தவர்கள், 1260 என்ற எண்ணை வைத்து, கி.பி. 1260-இல் ஆவியானவரின் காலம் தொடங்கும் என்று எதிர்பார்த்தார்கள். புதிய ஏற்பாட்டு ஆராய்ச்சியில் இன்றளவும் மதிக்கப்படும் ஜெர்மானிய வேதவல்லுநர் பெங்கல், 1836-ஐக் குறித்தார். அறிவியலாளர் ஐசக் நியூட்டன் கூடத் தம் கையெழுத்துத் தாள்களில், 2060-க்கு முன் முடிவு வராது என்று கணக்கிட்டார். நாட்குறிக்கும் மனிதரின் அவசரத்தைத் தடுப்பதே தம் நோக்கம் என்றும் எழுதினார். பக்தியும் படிப்பும் உள்ளவர்களே தடுமாறிய இடம் இது. ஆகவே இங்கே நிதானமாகப் பார்ப்போம்.

முதலாவது, ஒரு நாளுக்கு ஓர் ஆண்டு என்று எண்ணாகமத்திலும் எசேக்கியேலிலும் சொல்லுகிறவர் தேவனே. வேவுகாரர் சுற்றிப்பார்த்த நாற்பது நாளுக்கு ஈடாக நாற்பது ஆண்டுகள் என்று அவரே தீர்ப்புச் சொன்னார். எசேக்கியேல் பக்கவாட்டில் படுத்த நாட்களுக்கு அவரே பொருள் சொன்னார். தானியேல் 8-இல் அப்படி ஒரு திறவுகோல் கொடுக்கப்படவில்லை. ஒரு பூட்டின் சாவியை எடுத்து எல்லாப் பூட்டுகளிலும் போடுவது ஆபத்தானது. எரேமியா சொன்ன எழுபது ஆண்டுகளை 25,200 ஆண்டுகளாக யாரும் ஆக்குவதில்லையே.

இரண்டாவது, மூல எபிரெயத்தில் உள்ள சொல் “மாலை காலை” என்பதாகும். நம் தமிழ் வேதாகமம் அதற்கு நெருக்கமாக “இராப்பகல்” என்கிறது. மில்லர் வாசித்த ஆங்கில மொழிபெயர்ப்பிலோ “நாட்கள்” என்று மாத்திரம் இருந்தது. ஆலயத்தில் காலையிலும் மாலையிலும் செலுத்தப்பட்ட அன்றாட பலி நின்றுபோவதைப் பற்றியே 8:11-13 பேசுகிறது. ஆகவே 2300 என்பது தடைப்பட்ட மாலைப் பலிகளும் காலைப் பலிகளும் சேர்ந்த எண்ணிக்கை, அதாவது 1150 நாட்கள் என்று விளக்குவோர் உண்டு. முழு 2300 நாட்கள் என்போரும் உண்டு.

மூன்றாவது, இந்தத் தரிசனத்திற்கு அதே அதிகாரம் பொருள் சொல்லுகிறது. ஆட்டுக்கடா மேதியா பெர்சியாவின் ராஜாக்கள், வெள்ளாட்டுக்கடா கிரேக்கு தேசத்து ராஜா என்று காபிரியேல் பெயர் சொல்லியே விளக்குகிறார் (8:20-21). பெரிய கொம்பு முறிந்து நான்கு எழும்பியது, கி.மு. 323-இல் அலெக்சாந்தர் இறந்தபின் அவருடைய தளபதிகள் ராஜ்யத்தைப் பங்கிட்டதில் நிறைவேறிற்று. அவற்றில் ஒன்றிலிருந்து எழும்பிய சின்னக் கொம்பு, சீரியாவை ஆண்ட அந்தியோகு எப்பிப்பானேஸ் என்பது பழங்காலம் தொட்டுப் பலரும் ஏற்ற விளக்கம். அவன் கி.மு. 167-இல் எருசலேம் ஆலயத்தின் பலிபீடத்தைத் தீட்டுப்படுத்தி, அன்றாட பலியை நிறுத்தினான், வேதச்சுருள்களை எரித்தான், பிள்ளைகளுக்கு விருத்தசேதனம் செய்த தாய்மாரைக் கொன்றான். மூன்று ஆண்டுகளுக்குப்பின், கி.மு. 164 டிசம்பரில், யூதா மக்கபேயுவும் அவர் சகோதரரும் ஆலயத்தைச் சுத்திகரித்துப் பிரதிஷ்டை செய்தார்கள். அதை நினைவுகூரும் தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின்போது நம் ஆண்டவர் எருசலேமில் உலாவினார் என்று யோவான் 10:22-23 நமக்குச் சொல்லுகிறது.

அந்தக் கொடிய நாட்களில் ஒளிந்திருந்த ஒரு யூதக் குடும்பம் தானியேலின் சுருளை வாசித்ததை எண்ணிப்பாருங்கள். 2300 என்ற எண் அவர்களுக்கு எதைச் சொல்லியிருக்கும்? “இந்தத் துன்பத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு ராஜாவின் கையில் இல்லை; தேவனுடைய கையில் இருக்கிறது. அவர் வைத்த எல்லைக்குமேல் ஒரு மாலையும் ஒரு காலையும் கூடாது.” எண்ணை முதலில் பெற்றவர்கள் பாடுபட்டவர்கள். அவர்களைத் தாங்கும்படி அது கொடுக்கப்பட்டது. வெளிப்படுத்தின விசேஷத்திலும் இதே ஒழுங்கைக் காண்கிறோம். சிமிர்னா சபைக்குப் பத்துநாள் உபத்திரவம் என்றார் ஆண்டவர் (2:10). நாற்பத்திரண்டு மாதம், 1260 நாள், ஒரு காலமும் காலங்களும் அரைக்காலமும் என்று மூன்று விதமாகச் சொல்லப்படுவதும் மூன்றரை ஆண்டே. ஏழு என்ற நிறைவை எட்டாமல் பாதியில் முறிக்கப்படும் காலம். மிருகத்துக்கும் கெடு உண்டு என்பதே அந்தச் சபைகளுக்குக் கிடைத்த ஆறுதல்.

இந்த எண்கள் இன்னும் வரப்போகும் காலத்தைக் குறிக்கின்றன என்று நம்பும் பக்தியுள்ள ஆசிரியர்கள் அநேகர் உண்டு என்பதை அறிவேன். நம் சபையிலும் அப்படி நம்புகிறவர்கள் இருக்கிறீர்கள். அதைக்குறித்து நான் வழக்காடவில்லை. எழுபது வாரங்களைக் கணக்கிடுவதிலும் கோரேசின் கட்டளை, எஸ்றாவின் காலத்துக் கட்டளை, நெகேமியாவின் காலத்துக் கட்டளை என்று தொடக்கத்துக்கே பல இடங்கள் சொல்லப்படுகின்றன; சிலர் ஆண்டுக்கு 360 நாள் என்று கணக்கிடுகிறார்கள். தொடங்கும் இடத்தை மாற்றினால் முடியும் இடமும் மாறும் என்பதை மாத்திரம் நினைவில் வையுங்கள். கணக்கு எத்தனை நுட்பமாயிருந்தாலும், அதன் முதல் வரி ஒரு மனிதருடைய தெரிவு.

நம் அருகில் நடந்தது

இது தூரதேசத்துக் கதை என்று எண்ணவேண்டாம். 1860-இல் திருநெல்வேலிப் பகுதியில் அருளப்பன் ஐயரின் ஊழியத்தினால் எழுந்த எழுப்புதல், பின்பு திருவிதாங்கூருக்கும் பரவியது. அங்கே தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து ஆண்டவரை ஏற்றுக்கொண்ட ஜஸ்டஸ் யோசேப்பு என்பவர், சிறந்த கல்விமானும் பாடலாசிரியருமாயிருந்தார். அவர் 1875-இல், இன்னும் ஆறு ஆண்டுகளில் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். ஜனங்கள் அக்கூட்டத்தாரை ஆறு வருஷக்காரர் என்றே அழைத்தார்கள். 1881 வந்தது, சென்றது. அவரும் அவரைப் பின்பற்றினவர்களும் தனிக் கூட்டமாகப் பிரிந்து சிறுத்துப்போனார்கள். அவர் இயற்றிய கீர்த்தனைகளோ இன்றும் மலையாளச் சபைகளில் பாடப்படுகின்றன. தேவன் அவருக்குக் கொடுத்த வரம் நிலைத்தது. அவர் தேவனுக்குக் குறித்த நாள் நிலைக்கவில்லை.

தானியேல் என்ன செய்தார்?

இப்போது நம் தியானப் பகுதிக்கு வருவோம். தானியேல் 9:2-இல், தீர்க்கதரிசியாகிய தானியேலே இன்னொரு தீர்க்கதரிசியின் எண்ணை வாசிக்கிறார். எருசலேமின் பாழ்க்கடிப்பு எழுபது ஆண்டுகளில் நிறைவேறும் என்று எரேமியாவின் புத்தகத்தில் அறிந்துகொள்கிறார். பாபிலோன் விழுந்து, தரியு ஆளத்தொடங்கிய வேளை அது. தானியேல் சிறைப்பட்ட கி.மு. 605-லிருந்து எண்ணினால் எழுபதுக்கு மிக அருகில் வந்தாயிற்று. ஆலயம் இடிக்கப்பட்ட 586-லிருந்து எண்ணினாலோ, அது திரும்பக் கட்டிமுடிந்த 516-இல்தான் எழுபது நிறைகிறது. எதிலிருந்து எண்ணுவது என்ற கேள்வி அவருக்கும் எழுந்திருக்கலாம்.

அவர் என்ன செய்தார் என்று மூன்றாம் வசனத்தைப் பாருங்கள். உபவாசித்தார், இரட்டு உடுத்தினார், சாம்பலில் உட்கார்ந்தார், தேவனுக்கு நேராகத் தம் முகத்தைத் திருப்பினார். பின்வரும் பதினாறு வசனங்கள் முழுவதும் பாவ அறிக்கையும் விண்ணப்பமுமே. எழுபது என்ற எண் அந்த ஜெபத்தில் ஓரிடத்திலும் திரும்ப வரவில்லை. “கெடு முடிந்தது, வாக்கை நிறைவேற்றும்” என்று அவர் கேட்கவில்லை. எங்கள் நீதிகளை அல்ல, உமது மிகுந்த இரக்கங்களையே நம்பி வருகிறோம் என்னும் கருத்தில் மன்றாடுகிறார். குற்றமற்றவராக வேதம் காட்டும் அந்த முதியவர், பாவம் செய்தோம் என்று தம்மையும் சேர்த்துச் சொல்லுகிறார். தீர்க்கதரிசன எண்ணைச் சரியாக வாசித்தவரின் அடையாளம் அதுவே: அவருடைய முழங்கால்கள் மடங்கின.

எரேமியாவின் கடிதம்

தானியேல் வாசித்த அந்த எழுபது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? எரேமியா 25-இலும், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு அவர் அனுப்பிய 29-ஆம் அதிகாரக் கடிதத்திலும் இருக்கிறது. அந்தக் கடிதம் எழுதப்பட்ட நாட்களில் மற்றொரு எண்ணும் சபையில் உலாவியது. அனனியா என்பவன் ஆலயத்திலே எல்லாருக்கும் முன்பாக நின்று, இரண்டு வருஷத்தில் எல்லாரும் திரும்பிவருவார்கள் என்றான் (28:3). இரண்டு எங்கே, எழுபது எங்கே! கேட்டவர்கள் எதை விரும்பியிருப்பார்கள் என்று சொல்லத்தேவையில்லை. ஆனால் கர்த்தர் அனனியாவை அனுப்பவில்லை. அந்த ஆண்டின் ஏழாம் மாதத்திலேயே அவன் மரித்தான்.

எழுபதை அறிவித்த எரேமியா, அதே கடிதத்தில் ஜனங்களுக்கு என்ன சொன்னார்? வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள். தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைப் புசியுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு விவாகம் செய்து பெருகுங்கள். நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்றார் (29:5-7). எண்ணைக் கொடுத்த தேவனே கட்டவும் நாட்டவும் கட்டளையிட்டார். இன்னும் மேலே போய், பாபிலோன் சேனை எருசலேமை முற்றிக்கை போட்டிருந்தபோது, எரேமியா ஆனதோத்தில் ஒரு நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கி, கிரயப் பத்திரத்தை மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் செய்தார் (எரேமியா 32). நகரம் விழப்போகிறதென்று எல்லாரையும்விட நிச்சயமாய் அறிந்தவர் அவர். தேவன் தரும் முடிவை அறிந்தவர் என்பதனாலேயே அவரால் நிலம் வாங்க முடிந்தது.

தெசலோனிக்கேயிலும், கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்ற செய்தியால் சிலர் கலங்கினார்கள். வேலை செய்யாமல் திரிந்தவர்களும் அந்தச் சபையில் இருந்தார்கள். பவுல் அவர்களுக்கு ஒரு புதிய கணக்கைக் கொடுக்கவில்லை. அமைதலோடு வேலைசெய்து தங்கள் சாப்பாட்டைச் சாப்பிடும்படி புத்திசொன்னார் (2 தெசலோனிக்கேயர் 3:12).

அந்தச் சகோதரருக்குச் சொன்னது

அன்பானவர்களே, ஆண்டவர் வருகிறார். இதைச் சந்தேகமின்றி நம்புகிறோம். ஒவ்வொரு திருவிருந்திலும் அவர் வருமளவும் அவருடைய மரணத்தை அறிவிக்கிறோம். இன்று இரவே வந்தாலும் அவருக்கு நம்மால் தடையில்லை. ஆனால் அவர் வரும்போது எப்படிக் காணப்பட விரும்புகிறார் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஏற்றவேளையில் வீட்டாருக்குப் போஜனங்கொடுக்கும் ஊழியக்காரனை, எஜமான் வந்து அப்படிச் செய்கிறவனாகக் கண்டால் அவன் பாக்கியவான் என்பதே மத்தேயு 24:45-46-இன் போதனை. அவன் வாசலில் நின்று நாளை எண்ணிக்கொண்டிருக்கவில்லை, அடுக்களையில் இருந்தான்.

ஆகவே அந்தச் சகோதரரிடம், “கட்டணத்தைச் செலுத்துங்கள். கடன் உங்கள் சக்திக்கு உட்பட்டதா என்று விசாரியுங்கள், அது விவேகம். ஆனால் வருகை சமீபம் என்பதற்காக மகளை நிறுத்தாதிருங்கள். ஆண்டவர் அவளுடைய இரண்டாம் ஆண்டில் வந்தாரானால், நோயாளிக்கு மருந்து கொடுக்கக் கற்றுக்கொண்டிருப்பவளாக அவளைக் காணட்டும்” என்று சொன்னேன். அவர் சற்றுநேரம் மௌனமாயிருந்து, “அப்படியானால் நான் எதற்கு ஆயத்தமாகவேண்டும் ஐயா?” என்று கேட்டார். தானியேல் 9-ஐ வாசித்துவிட்டு, யாரோடாவது ஒப்புரவாகவேண்டியிருந்தால் இன்றே போகும்படி சொன்னேன். மில்லரின் ஜனங்கள் அந்த அக்டோபரில் செய்தவற்றில் வீணாய்ப்போகாதது அதுவே: அவர்கள் தீர்த்த கடன்களும், திரும்பச் சேர்ந்த உறவுகளும் 23-ஆம் தேதி காலையிலும் செல்லுபடியாயிருந்தன.

அடுத்தமுறை ஒரு காணொளியோ துண்டுப்பிரதியோ உங்களிடம் வரும்போது, மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த எண்ணை முதலில் கேட்டவர்களுக்கு இது என்ன ஆறுதலைத் தந்தது? வேதமே இதற்குப் பொருள் சொல்லியிருக்கும் இடத்தில் இவர் நின்றாரா, தாண்டினாரா? இதைக் கேட்டபின் நான் முழங்காற்படியிடுகிறேனா, அல்லது நாட்காட்டியைப் புரட்டுகிறேனா? இம்மூன்றுக்கும் விடை தேடியபின் அதைப் பிறருக்கு அனுப்பலாமா என்று தீர்மானியுங்கள்.

ஜெபம்

காலங்களையும் வேளைகளையும் உம்முடைய ஆதீனத்தில் வைத்திருக்கிற பிதாவே, எங்கள் துன்பத்துக்கும் நீர் எல்லை குறித்திருக்கிறீர் என்பதற்காக உம்மைத் துதிக்கிறோம். நாளை அறியவேண்டும் என்ற எங்கள் அவசரத்தை மன்னித்தருளும். தானியேலைப்போல மனம் நொறுங்கவும், எரேமியாவைப்போல நாட்டவும் கட்டவும், எங்கள் ஆண்டவர் வரும்போது எங்கள் வேலையில் உண்மையுள்ளவர்களாகக் காணப்படவும் கிருபை தாரும். படிப்பைத் தொடங்கும் எங்கள் பிள்ளைகளை உமது கரத்தில் ஒப்புவிக்கிறோம். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், எங்கள் பிதாவே. ஆமென்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதித்துக் காப்பாராக.